புள்ளிக்குப் பின் ஓர் இடைவெளி

ஆங்கிலத்தில் ஒரு ஈமெயில் எழுதுங்கள். ஒரு வாக்கியத்தை முடித்துப் புள்ளி வைத்ததும், அவசரத்தில் இடைவெளி விடாமல் அடுத்த வாக்கியத்தை ‘ஸோ’ என்று ஆரம்பியுங்கள். ‘ஐ வாஸ் லேட்.ஸோ ஐ டுக் அன் ஆட்டோ’ என்கிற மாதிரி. பெறுபவருடைய மெயில் புரோகிராம் கொஞ்சம் அதிகப்பிரசங்கியாக இருந்தால், ‘லேட்.ஸோ’ என்பதற்கு நீல நிறம் அடித்து, அடிக்கோடு போட்டு, க்ளிக் பண்ணத் தயாராக வைத்துவிடும். காரணம், புள்ளிக்குப் பிறகு வரும் எஸ்-ஓ என்ற இரண்டு எழுத்துகள் சோமாலியா நாட்டுக்கு ஒதுக்கப்பட்டவை. நீங்கள் ஆட்டோ பிடித்த கதையைச் சொல்லப் போக, சோமாலியாவுக்கு ஒரு கதவு திறந்துவிட்டது.

‘இன்’ என்று ஆரம்பித்தால் இந்தியா. ‘இட்’ இத்தாலி. ‘இஸ்’ ஐஸ்லாந்து. ‘நோ’ நார்வே. ‘மை’ மலேசியா. ‘அட்’ ஆஸ்திரியா. ‘டு’ டோங்கா. ஆங்கிலத்தின் சின்னச் சின்ன வார்த்தைகளில் பாதி ஏதாவது ஒரு தேசத்தின் வாசல்.

வேடிக்கைதான். ஆனால் இதற்குள் ஒரு சீரியஸான கேள்வி இருக்கிறது. அந்த நீலக் கோட்டை அனுப்பியவர் போடவில்லை. பெறுபவருடைய மெயில் புரோகிராம் போட்டது. ஆனால் அந்த மெயில் நல்லதா கெட்டதா என்று பார்த்து உள்ளே விட்டது வேறொரு ஆசாமி, ஸ்பாம் ஃபில்டர். அது எங்கோ ஒரு சர்வரில் உட்கார்ந்திருக்கிறது. அது பார்த்தபோது அங்கே கோடு இல்லை. கோடு போட்டவனும் சோதித்தவனும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. திருடர்களுக்கு இது போதும்.

இதைப் புரிந்துகொள்ள ஸ்பாமின் பொருளாதாரத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

உலகின் முதல் ஸ்பாம் என்று எல்லாரும் சொல்வது 1978 மே மாதம் அனுப்பப்பட்டது. டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனின் கேரி துர்க் என்கிற மார்க்கெட்டிங் ஆசாமி, ஆர்பாநெட்டில் இருந்த சுமார் நானூறு பேருக்கு, ‘எங்கள் புதுக் கம்ப்யூட்டரைப் பார்க்க வாருங்கள்’ என்று ஒரே கடிதத்தைத் தட்டிவிட்டார். அதில் லிங்க் கிடையாது. வெப் என்பதே பிறக்கவில்லை. கலிஃபோர்னியாவில் இன்ன இடத்தில் கண்காட்சி என்று எழுதியிருந்தார். போக வேண்டுமானால் கார் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

இன்றைய ஸ்பாம் பெரும்பாலும் அப்படி இல்லை. அது ஒரு சுட்டியை நம்பிப் பிழைக்கிறது. வயாகரா விற்கட்டும், ‘உங்கள் கணக்கு முடக்கப்படும்’ என்று பயமுறுத்தட்டும், மொத்த நாடகமும் நீங்கள் ஒரு இடத்தில் ஒரு முறை க்ளிக் பண்ணுவதற்காகத்தான். க்ளிக் இல்லையென்றால் வியாபாரம் இல்லை.

ஆரம்பத்தில் ஃபில்டர் எழுதியவர்கள் வார்த்தைகளைத்தான் துரத்தினார்கள். 2002-ல் பால் கிரஹாம் ‘எ ப்ளான் ஃபார் ஸ்பாம்’ என்று ஒரு கட்டுரை எழுதினார். எந்தெந்த வார்த்தை ஸ்பாமில் அதிகம், எது நல்ல மெயிலில் அதிகம் என்று கணக்குப் போட்டு, நிகழ்தகவு விதிப்படி முடிவு பண்ணலாம் என்றார். பிரமாதமாக வேலை செய்தது, கொஞ்ச காலம். ஸ்பாம்காரர்கள் என்ன செய்தார்கள்? வயாகராவில் ஐ எழுத்துக்குப் பதில் ஒன்று போட்டார்கள். எழுத்துகளுக்கு நடுவே புள்ளி வைத்தார்கள். கடைசியில் ஒரு பழைய நாவலிலிருந்து இரண்டு பாராவை வெட்டி ஒட்டினார்கள். மனிதன் படித்துவிடுவான், மெஷின் குழம்பும்.

2004 ஜனவரியில் டாவோஸில் பில் கேட்ஸ், இரண்டு வருஷத்தில் ஸ்பாம் பிரச்னை தீர்ந்துவிடும் என்றார். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அதே 2004-ல் சத்தமில்லாமல் ஒரு நல்ல யோசனை வந்தது. ஸ்பாம்காரன் வார்த்தையை ஆயிரம் விதமாக மாற்றலாம். அனுப்புநர் பெயரைப் பொய்யாகப் போடலாம். யார் யாருடைய வீட்டுக் கம்ப்யூட்டரையோ கைப்பற்றி அதிலிருந்து அனுப்பலாம். ஆனால் கடையின் விலாசத்தை மட்டும் பொய்யாகப் போட முடியாது. போட்டால் வாடிக்கையாளர் எப்படி வருவார்? ஆகவே கடிதத்தை விடு, அதிலுள்ள விலாசத்தைப் பிடி. இதுதான் எஸ்யூஆர்பிஎல் என்கிற பட்டியலின் சூத்திரம். ஃபில்டர் மெயிலில் உள்ள ஒவ்வொரு சுட்டியிலிருந்தும் டொமைன் பெயரை உருவி எடுக்கும். அதோடு பட்டியலின் பெயரை ஒட்டி, டிஎன்எஸ் என்கிற இணைய டைரக்டரியில் விசாரிக்கும். ‘127.0.0’ என்று ஆரம்பிக்கும் பதில் வந்தால் பெயர் கறுப்புப் பட்டியலில் இருக்கிறது. ‘அப்படி யாரும் இல்லை’ என்று வந்தால் சரி, போகலாம். பெயரைக் கொடுத்து விலாசம் கேட்பதற்காக உண்டாக்கிய ஏற்பாட்டை, பெயரைக் கொடுத்து நடத்தைச் சான்றிதழ் கேட்பதற்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். ஸ்பாம்அசாசின் போன்ற இலவச ஃபில்டர்கள் இதை உடனே சேர்த்துக்கொண்டன. ஸ்பாம்அசாசின் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி மார்க் போடும். ஐந்து மார்க் வாங்கினால் ஸ்பாம்.

இனிமேல்தான் சிக்கல். விலாசத்தைப் பிடி என்பது சரி. எது விலாசம்?

டிம் பெர்னர்ஸ்-லீ வெப் விலாசத்தை வடிவமைத்தபோது, ஹெச்டிடிபி, ஒரு முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு என்று ஆரம்பிக்கச் சொன்னார். 2009-ல் அவரே, ‘அந்த இரண்டு சாய்கோடு தேவையே இல்லை, இப்போது வடிவமைத்தால் போட மாட்டேன்’ என்று சொன்னார். ஆனால் அந்தச் சாய்கோடுகளுக்கு ஒரு உபயோகம் இருந்தது. எழுத்துக் குவியலில் ‘இங்கே ஒரு விலாசம் ஆரம்பிக்கிறது’ என்று கொடி காட்டின. ஃபில்டருக்கு அது சுலபம்.

ஜனங்கள் அதையெல்லாம் டைப் அடிக்கவில்லை. முதலில் மூன்று டபிள்யூவில் ஆரம்பித்தார்கள். அப்புறம் அதையும் விட்டார்கள். ‘எங்க வெப்சைட்டைப் பாருங்க’ என்று வெறும் பெயரும் டாட் காமும். மெயில் புரோகிராம் எழுதியவர்கள் இரக்கப்பட்டு, வெறும் பெயரைப் பார்த்தாலும் நீலக் கோடு போட ஆரம்பித்தார்கள். எதற்குப் போடுவது, எதற்கு விடுவது என்பதற்குப் பொது விதி கிடையாது. 2005-ல் வந்த இணையத் தரப் பத்திரத்தின் பின்னிணைப்பு ஒன்றில், கடிதத்தின் நடுவே விலாசம் எழுதினால் அதை மேற்கோள் குறிகளுக்குள்ளோ கோண அடைப்புக்குள்ளோ போடுங்கள் என்று ஆலோசனை இருக்கிறது. கோண அடைப்பு போட்டு மெயில் எழுதுகிறவர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?

எனவே ஒவ்வொரு மெயில் புரோகிராமும் தன் இஷ்டத்துக்கு ஊகித்தது. ஒன்று கடைசிப் புள்ளியை விலாசத்தோடு சேர்த்துக்கொள்ளும், இன்னொன்று சேர்க்காது. ஒன்று அடைப்புக்குறியை விழுங்கும், இன்னொன்று துப்பும்.

ஸ்பாம்காரன் இந்த இடுக்கில்தான் கூடாரம் அடித்தான். ஹெச்டிடிபி-யை மட்டும் தேடுகிற ஃபில்டருக்கு, வெறும் பெயராக எழுதிய விலாசம் கண்ணில் படாது. மெயில் உள்ளே போகும். உள்ளே இருக்கும் மெயில் புரோகிராம் பரோபகாரமாக அதற்கு நீலக் கோடு போட்டுக் கொடுக்கும். வாட்ச்மேன் பையைத் திறந்து பார்த்தபோது துண்டு துண்டாக இரும்பு இருந்தது. வீட்டுக்குள் போனதும் வேலைக்காரனே அதைப் பொருத்தித் துப்பாக்கி ஆக்கிக் கொடுத்துவிட்டான்.

ஃபில்டர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு முதல் விதி இங்கே கிடைக்கிறது. தரப் பத்திரம் எதை விலாசம் என்கிறது என்று பார்த்துப் பயனில்லை. பெறுபவருடைய திரையில் எது நீலமாகும் என்று பார்க்க வேண்டும். ஸ்பாம்அசாசின் அப்படித்தான் பழகிக்கொண்டது. முன்னொட்டு இல்லாத வெறும் பெயர்களைப் பிடிப்பதற்கு அதில் தனி விதிகள் இருக்கின்றன.

‘அப்படியானால் புள்ளி உள்ள எல்லாவற்றையும் விலாசம் என்று வைத்துக்கொண்டு விசாரித்துவிடலாமே, முன்ஜாக்கிரதை நல்லதுதானே?’ என்று கேட்கலாம். நல்லதில்லை. ஒரு புரோகிராமர் இன்னொருவருக்கு எழுதும் சாதாரண மெயிலில் ‘செட்டப்.பிஒய்’ என்று ஒரு ஃபைல் பெயர் இருக்கும். பிஒய் பராகுவே. ‘ரீட்மீ.எம்டி’ என்று இருக்கும். எம்டி மால்டோவா. பெர்ல் மொழி ஃபைல்கள் எல்லாம் போலந்து. ஃபைல் பெயர்களையெல்லாம் விலாசம் என்று விசாரித்தால், ஃபில்டருக்கு நேரம் வீண். அதைவிட மோசம், அந்தப் பெயரில் நிஜமாகவே ஒரு போக்கிரி எங்கோ கடை திறந்திருந்தால், ஒரு அப்பாவி மெயில் குப்பைக்குப் போகும்.

இது கற்பனை இல்லை. 2023 மே மாதம் கூகுள், ‘ஜிப்’ என்ற பின்னொட்டைப் பொதுமக்களுக்கு விற்க ஆரம்பித்தது. காசு கொடுத்தால் யார் வேண்டுமானாலும் டாட் ஜிப் என்று முடியும் விலாசம் வாங்கலாம். அதுவரை ஜிப் என்றால் சுருக்கிக் கட்டிய ஃபைல். ‘இன்வாய்ஸ்.ஜிப் அனுப்பியிருக்கேன், பாருங்க’ என்று நாம் வருஷக்கணக்கில் எழுதிக்கொண்டிருந்த வாக்கியம், ஒரே நாளில் விலாசம் போல ஆகிவிட்டது. பாதுகாப்பு நிபுணர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். புதுப் பின்னொட்டுகள் 2013-லிருந்து ஆயிரத்துக்கு மேல் வந்துவிட்டன. மெயில் புரோகிராம் புதுப் பட்டியல் வைத்திருந்து, ஃபில்டர் பழைய பட்டியல் வைத்திருந்தால், மறுபடி அதே இடுக்கு.

தப்பான பக்கம் சாய்ந்தால் என்ன நஷ்டம் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரு சம்பவம். நண்பர் ஒருவரின் மகள் மேற்படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வரவே இல்லை. ஒரு மாதம் கழித்து கூடப் படித்த தோழிக்கு இடம் கிடைத்ததாகத் தெரிந்ததும்தான் ஸ்பாம் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறாள். லாட்டரிப் பரிசுக்கும் எடை குறைப்பு மாத்திரைக்கும் நடுவில் அழைப்பு சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. தேதி முடிந்து பதினெட்டு நாள்.

“ஏன் அங்கிள் அங்க போச்சு? அவங்க ஒரிஜினல் அட்ரஸ்லேருந்துதான் வந்திருக்கு” என்று கேட்டாள்.

மெயிலைப் பிரித்துப் பார்த்தோம். திரையில் தெரிந்தது அந்தக் கல்வி நிறுவனத்தின் விலாசம். நீலக் கோட்டின் அடியில் ஒளிந்திருந்த நிஜ விலாசம் வேறு. மொத்தமாக மெயில் அனுப்பித் தரும் ஒரு கம்பெனியினுடையது. யார் யார் க்ளிக் செய்தார்கள் என்று எண்ணுவதற்காக எல்லா லிங்கையும் தங்கள் வழியாகச் சுற்றிவிட்டிருந்தார்கள். சொல்வது ஒரு விலாசம், போவது இன்னொரு விலாசம். மோசடிக்காரர்களின் முதல் லட்சணமும் அதுதானே? தண்டர்பேர்ட் போன்ற மெயில் புரோகிராம்கள் இந்த மாதிரி மெயிலைப் பார்த்தால் ‘இது மோசடியாக இருக்கலாம்’ என்று மேலே ஒரு பட்டை காட்டும். அது நல்ல வழக்கம். கதவைச் சாத்துவதில்லை, காதில் சொல்கிறது. இவளுடைய ஃபில்டர் காதில் சொல்லவில்லை. ஒரு வருஷத்தை எடுத்துக்கொண்டுவிட்டது.

நண்பர் கோபத்தில், “யார் மேல கேஸ் போடறது?” என்றார். அதுதான் விஷயம். அனுப்பியவர், ‘நாங்கள் அனுப்பிவிட்டோம்’ என்பார். மெயில் கம்பெனி, ‘ஸ்பாம் பெட்டியில் பத்திரமாகத்தானே வைத்திருந்தோம்’ என்பார்.

இதிலிருந்து இரண்டாவது விதி. ஒரே ஒரு லிங்க்கின் நடத்தையை வைத்துத் தூக்குத் தண்டனை கொடுக்கக் கூடாது. அது ஒரு சாட்சி, அவ்வளவுதான். மார்க் போடு, மற்ற சாட்சிகளையும் கேள், சந்தேகம் இருந்தால் பெறுபவரிடம் சொல். எதற்காகத் தள்ளினாய் என்பதை ஒரு வரியில் எழுதிவை.

பிடித்த விலாசத்தை எப்படிப் படிப்பது என்பது அடுத்த கேள்வி. நம்மூர்த் தபால் விலாசத்தில் கதவிலக்கம், தெரு, பேட்டை, ஊர் என்று சின்னதிலிருந்து பெரியதற்குப் போவோம். தபால்காரர் கடைசியிலிருந்து படிப்பார். முதலில் ஊர், பிறகுதான் தெரு. இணைய விலாசமும் அப்படித்தான். முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் எது கடைசியில் இருக்கிறதோ அதுதான் ஊர். நாம் இடமிருந்து படித்து, முதலில் கூகுள் என்று பார்த்ததும் திருப்தியாகிவிடுகிறோம்.

2016 மார்ச்சில் ஹிலாரி கிளின்டனின் தேர்தல் பிரசாரத் தலைவர் ஜான் போடெஸ்டாவுக்கு கூகுளிலிருந்து வந்த மாதிரி ஒரு மெயில் வந்தது. யாரோ உங்கள் பாஸ்வேர்டைத் திருடிவிட்டார்கள், உடனே மாற்றுங்கள் என்றது. நீலக் கோட்டின் கீழே இருந்தது பிட்லி என்கிற சுருக்கு விலாசம். அதைத் தாண்டி இருந்த நிஜ விலாசம், ‘மைஅக்கவுன்ட்.கூகுள்.காம்-செக்யூரிட்டிசெட்டிங்பேஜ்.டிகே’. கூகுள் டாட் காம் என்று வருகிறது, பாருங்கள். ஆனால் காம்-முக்குப் பிறகு சாய்கோடு இல்லை, ஒரு சின்ன இணைப்புக்கோடு. ஊர் கடைசியில் இருக்கிறது. டிகே, பசிபிக் கடலில் டோகலாவ் என்ற தீவுக்கூட்டம். பிரசார அலுவலகத்து உதவியாளர் ஒருவர், ‘இது போலி’ என்று எழுத நினைத்து, இரண்டு எழுத்து விட்டுப்போய் ‘இது உண்மையான மெயில்’ என்று எழுதிவிட்டதாகப் பிற்பாடு சொன்னார். அந்த அக்டோபரில் போடெஸ்டாவின் மெயில்கள் விக்கிலீக்ஸில் வந்தன. அமெரிக்கத் தேர்தலில் ஒரு இணைப்புக்கோடு.

ஃபில்டரும் இதே மாதிரி கடைசியிலிருந்துதான் படிக்க வேண்டும். அதிலும் ஒரு சிக்கல். டாட் காம் என்றால் அதற்கு முந்தைய சொல்தான் முதலாளி. ‘கோ.இன்’ என்று முடிந்தால்? கோ என்பது முதலாளி அல்ல, அதற்கும் முந்தைய சொல். இது புரியாமல் கோ.இன்-ஐயே கறுப்புப் பட்டியலில் போட்டால், இந்தியக் கம்பெனிகள் மொத்தமாகக் காலி. மோசிலா ஆட்கள் இதற்காக ‘பப்ளிக் சஃபிக்ஸ் லிஸ்ட்’ என்று ஒரு பட்டியலையே பராமரிக்கிறார்கள். எந்த நாட்டில் எத்தனையாவது புள்ளி வரை பொதுச்சொத்து, எதிலிருந்து தனிச்சொத்து என்று சொல்லும் பட்டா மாதிரி. பட்டா தெரியாவிட்டால், முதலாளி பெயருக்கு முன்னால் தினமும் ஆயிரம் கண்டபடி சொற்களை ஒட்டி, ஒவ்வொன்றையும் புதுக் கடை என்று காட்டி ஃபில்டரை ஏமாற்றலாம்.

பழைய ஏமாற்று இன்னொன்று உண்டு. வெப் விலாசத்தில் @ குறி போட்டால், அதற்கு முன்னால் உள்ளது வெறும் பயனர் பெயர். பின்னால் உள்ளதுதான் நிஜ இடம். பாங்க் பெயரை முன்னால் போட்டு, @ போட்டு, திருடன் விலாசத்தைப் பின்னால் போட்டார்கள். 2004 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் தன் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் இந்த மாதிரி விலாசத்தையே ஏற்காதபடி செய்துவிட்டது. இங்கே குணமானது ஃபில்டரால் அல்ல. க்ளிக் எங்கே போய் முடிகிறதோ அந்தக் கதவைச் சரி பண்ணினார்கள். சில சமயம் அதுதான் சுலபம்.

நம் தமிழுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் என்று தமிழ் எழுத்திலேயே பின்னொட்டுகள் இருக்கின்றன. டிஎன்எஸ் அடிமட்டத்தில் பழைய ஆங்கில எழுத்தை மட்டும் பேசுவதால், தமிழ் விலாசத்தை எக்ஸ்-என் என்று ஆரம்பிக்கும் ஒரு சங்கேத வரியாக மாற்றித்தான் அனுப்பும். இதே வழியில் ரஷ்ய எழுத்தும் வரும். ரஷ்ய ‘அ’வும் ஆங்கில ‘ஏ’யும் அச்சில் ஒன்று போலவே இருக்கும். 2005-ல் பேபால் பெயரில் ஒரு எழுத்தை மட்டும் ரஷ்யனாக்கி, யாராலும் கண்டுபிடிக்க முடியாத போலியை ஆராய்ச்சியாளர்கள் செய்து காட்டினார்கள். தமிழிலேயே ‘ர’வும் துணைக்காலும் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள்.

சோம்பேறி ஃபில்டர் இதற்கு என்ன செய்யும்? எக்ஸ்-என் என்று ஆரம்பித்தால் சந்தேகக் கேஸ் என்று எழுதி வைத்துக்கொள்ளும். தமிழில் பெயர் வைத்த குற்றத்துக்காக ஒரு பள்ளிக்கூடத்தின் கடிதம் குப்பைக்குப் போகும். சமர்த்தான ஃபில்டர், ஒரே சொல்லுக்குள் இரண்டு மொழி எழுத்து கலந்திருக்கிறதா என்று பார்க்கும். முழுக்கத் தமிழாக இருந்தால் மரியாதையாக விடும்.

இதுவரை சொன்னதெல்லாம் பார்ப்பதைப் பற்றி. சில ஃபில்டர்கள் பார்ப்பதோடு நிற்பதில்லை. லிங்க் எங்கே போகிறது என்று தாங்களே ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வருகின்றன. கேட்க நன்றாக இருக்கிறது. சுருக்கு விலாசத்தின் பின்னால் யார் என்று அறிய வேறு வழியும் குறைவு. ஆனால் சில லிங்க்குகள் ஒரே தரம்தான் வேலை செய்யும். ‘பாஸ்வேர்டை மாற்ற இங்கே க்ளிக் செய்யவும்’ என்று வந்த லிங்க்கை ஃபில்டர் முதலில் க்ளிக் செய்துவிட்டால், நீங்கள் போகும்போது ‘காலாவதி ஆகிவிட்டது’ என்று வரும். வாட்ச்மேன் உறையைப் பிரித்துப் பார்த்ததோடு நிற்காமல், உள்ளே இருந்த சினிமா டிக்கெட் நல்ல டிக்கெட்தானா என்று அறிய படத்துக்கும் போய்விட்டு வந்த மாதிரி.

‘இனி எனக்கு அனுப்பாதீர்கள்’ என்று சொல்லும் அன்சப்ஸ்க்ரைப் லிங்க்கையும் ஃபில்டர் க்ளிக் செய்யும். நீங்கள் ஆசையாகப் படிக்கும் பத்திரிகை திடீரென்று நின்றுபோகும். 2017-ல் இதற்கென்று ஒரு தரமே எழுத வேண்டி வந்தது. வெறுமனே போய்ப் பார்த்தால் விலக்கக் கூடாது, ‘விலக்கு’ என்று தனியாகக் கட்டளை வந்தால்தான் விலக்க வேண்டும் என்றது அது. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் மொத்தமாக அனுப்புகிறவர்களிடம் இந்த ஒரே க்ளிக் விலக்கலை வற்புறுத்துகின்றன.

இன்னும் சில காவல் ஏற்பாடுகள், மெயிலில் உள்ள எல்லா லிங்க்கையும் மாற்றி எழுதித் தங்கள் சோதனைச்சாவடி வழியாகச் சுற்றிவிடுகின்றன. மைக்ரோசாஃப்டின் சேஃப் லிங்க்ஸ் அப்படி. க்ளிக் செய்யும் நிமிஷத்தில் இன்னொரு முறை சோதிக்க முடியும் என்பது லாபம். நஷ்டம், உங்கள் ஆபீஸில் வகுப்பு எடுத்து ‘க்ளிக் பண்ணுமுன் விலாசத்தைப் பாருங்கள்’ என்று சொல்லிக் கொடுத்தது. பார்த்தால் எல்லா விலாசமும் ஒரே மாதிரி, நாலு வரி நீளத்துக்கு இருக்கிறது. எல்லாரும் ஒரே முகமூடி போட்டுக்கொண்டு வந்தால், முகம் பார்த்துப் பழகு என்று சொல்வதில் அர்த்தமில்லை.

எனவே மூன்றாவது விதி. பார், தொடாதே. தொட்டே ஆக வேண்டும் என்றால், தொட்ட அடையாளம் தெரியாமல் தொடு.

நம் ஊரில் எஸ்எம்எஸ்ஸுக்கு வேறொரு வைத்தியம் செய்திருக்கிறார்கள். 2024 அக்டோபர் 1 முதல், கம்பெனிகள் அனுப்பும் எஸ்எம்எஸ்ஸில் முன்கூட்டியே பதிவு செய்து வெள்ளைப் பட்டியலில் சேர்த்த லிங்க் மட்டும்தான் போகலாம் என்று டிராய் உத்தரவிட்டது. ரிசர்வ் வங்கி 2025-ல், இந்திய வங்கிகளெல்லாம் ‘பாங்க்.இன்’ என்று முடியும் விலாசத்துக்கு அக்டோபர் 31-க்குள் மாற வேண்டும் என்றது. கடைசியிலிருந்து படி என்ற பாடத்தை எல்லாருக்கும் சொல்லிக் கொடுப்பதைவிட, கடைசிச் சொல்லையே நம்பும்படி ஆக்குவது புத்திசாலித்தனம். பாட்டிக்குக்கூடச் சொல்லலாம்: “முடியறப்ப பாங்க் டாட் இன்னு இல்லாட்டி தொடாதே.”

ஈமெயிலுக்கு வெள்ளைப் பட்டியல் சாத்தியமில்லை. அதன் அழகே அதுதான். யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் அனுமதி கேட்காமல் எழுதலாம். முன்பின் தெரியாத ஒரு வாசகர், அமெரிக்காவில் ஒரு பேராசிரியர், வேலை கொடுக்கப் போகும் ஒரு கம்பெனி, முப்பது வருஷம் கழித்துத் தேடிப் பிடிக்கும் பள்ளித் தோழன். பட்டியலில் இருப்பவர்கள் மட்டும்தான் எழுதலாம் என்றால் இவர்கள் யாருமே எழுத முடியாது. ஸ்பாம் என்பது அந்தத் திறந்த வாசலுக்கு நாம் கொடுக்கும் வாடகை. ஃபில்டரின் வேலை வாடகையைக் குறைப்பது. வாசலை அடைப்பதில்லை.

மெயில் புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அனுப்பியவர் லிங்க் என்று சொல்லாத எதற்கும் அவசரப்பட்டு நீலக் கோடு போடாதீர்கள். போட்டால், எதற்குப் போடுவீர்கள் என்பதை ஃபில்டர் எழுதுகிறவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். இரண்டு பேரும் ஒரே பட்டியலைப் பார்த்தாலே பாதித் திருட்டு நிற்கும்.

மற்றவர்களுக்கு, வாரத்துக்கு ஒரு தரம் ஸ்பாம் பெட்டியைத் திறந்து பாருங்கள். பரிசு விழுந்ததாகச் சொல்பவர்களை விட்டுவிடுங்கள். உங்கள் பெயரைச் சரியாக எழுதி, எதுவும் விற்காமல், ஒரு தேதியைச் சொல்லிக் காத்திருப்பவர் யாராவது அங்கே இருக்கிறாரா பாருங்கள். அவர் கடிதத்தில் செய்த தப்பு, புள்ளிக்குப் பின் ஓர் இடைவெளி விடாததாகக்கூட இருக்கலாம்.